மாத்தளையில் விழுந்த கோல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. எனக்கு வார இறுதி வேலை. முதியோர் இல்லத்தின் பணியாளர் அறையில் காலை நீட்டி உட்கார்ந்து, கோப்பிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன நேரம்... சட்டைப்பையில் இருந்த போன் கிணுகிணுத்தது.

'உங்கள் வாசலில் ஒருவர் நிற்கிறார்.'

டெனிஷ் மொழியில் இப்படி அறிவிப்பது வேறு யாருமில்லை, என் வீட்டு அழைப்புமணி. நான் பிராண்டே என்ற எங்கள் சிறு ஊரின் ஒரு கோடியில் வேலையில் இருப்பேன். மணி மறு கோடியில், என் வீட்டு வாசலில் இருக்கும். ஆனாலும் யார் வந்தாலும் எனக்குச் சொல்லிவிடும். ஆளின் படத்தையும் காட்டும்.

எல்லாம் மகள் அபியின் வேலை. ஓர்ஹூஸ் நகரில் இருந்து அவள் வந்து போகும் ஒவ்வொரு தடவையும் எங்கள் வீட்டில் ஒரு புதுச் சாமான் மிஞ்சும். முதலில் தானாகவே வீடு கூட்டும் ஒரு வட்ட மெஷின் வந்தது. அது சாமியறைப் படியில் ஏற முடியாமல் முட்டிக்கொண்டு அழும். பிறகு, சொன்னால் எரியும் விளக்குகள் வந்தன. டெனிஷில் சொன்னால்தான் எரியும். என் கணவர் முப்பது வருடமாக இந்த நாட்டில் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மேற்பார்வையாளருக்கு அவருடைய டெனிஷ் விளங்குகிறது. விளக்குக்கு விளங்கவில்லை. மனிதர் இருட்டில் இருந்து ரீவி பார்ப்பார்.

கடைசியாக வந்ததுதான் இந்தக் கமரா வைத்த மணி.

சரி, யார் வந்திருக்கிறார்கள் என்று படத்தைத் திறந்தேன்.

ஒரு பெண். நரைத்த குட்டை முடி. கருநீலக் குளிர்ச்சட்டை. மணியை அடித்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றாள். நின்ற விதம்தான்... கால்கள் இரண்டும் அகன்று, முழங்கால்கள் லேசாக மடிந்து, கைகள் உடம்பை விட்டுச் சற்று விலகி. கதவு திறந்ததும் உள்ளேயிருந்து யாரோ தன்னைப் பார்த்துப் பந்து அடிக்கப்போகிறார்கள் என்பதுபோல.

ஒரு வீட்டு வாசலில் இப்படி யார் நிற்பார்கள்?

எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒருத்திதான். மலர்விழி. எங்கள் கல்லூரி ஹொக்கி அணியின் கோல் கீப்பர்.

திரையின் அடியில் ஒரு பச்சை வட்டம் இருந்தது. அதை அழுத்தினால் பேசலாம். 'மலர், நான் வேலையில நிக்கிறன், இரு, வாறன்' என்று சொல்லியிருக்கலாம். பத்து நிமிட கார் ஓட்டம்தான். என் பெருவிரல் அந்த வட்டத்துக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவள் கமராவை நேராகப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். பிறகு அவள் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள்.

நான் அழுத்தவில்லை.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மலர் எங்கோ தொலைதேசத்தில் இருந்து வந்தவள் அல்ல. கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், அல்பர்ட்ஸ்லுண்டில், இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இருக்கிறாள். டென்மார்க் எவ்வளவு பெரிய நாடு? இங்கே ஒரு தமிழர் தும்மினால் மூன்று ஊரில் இருந்து சுகம் விசாரித்து போன் வரும். இந்த நாட்டில் ஒரே கல்லூரியில் படித்த இரண்டு பேர் இருபத்தைந்து வருடம் நேருக்கு நேர் பேசாமல் இருப்பதென்றால்... அது தற்செயலாக நடக்காது. அதற்கு உழைக்க வேண்டும்.

நான் உழைத்தேன். கலியாண வீடுகளில் அவள் இடப்பக்கம் இருந்தால் நான் வலப்பக்கம். ஒருமுறை கோயில் திருவிழாவில் சாப்பாட்டு வரிசையில் அவளைக் கண்டுவிட்டுச் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தேன். எனக்கு வயிற்றுவலி என்று கணவரிடம் சொன்னேன். 'நீங்கள் ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்தானே?' என்று யாராவது கேட்டால், 'ஓம், ஆனா அவ வேற வகுப்பு' என்பேன். பொய். ஆறு வருடம் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்தோம்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு உங்களை ஒரு ஹொக்கி மைதானத்துக்குக் கூட்டிப் போக வேண்டும்.

முதலில் ஒரு விளக்கம். இங்கே ஹொக்கி விளையாடினேன் என்று சொன்னால் டெனிஷ்காரர் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். அவர்கள் மனதில் நான் சப்பாத்தில் கத்தி கட்டிக்கொண்டு பனியில் வழுக்குவேன். நாங்கள் விளையாடியது தரையில். யாழ்ப்பாணத்து மார்ச் மாத வெயிலில். இரசாயன ஆய்வுகூடத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் புல் என்று சொல்ல நாலு இடத்தில்தான் ஏதோ பச்சையாக இருக்கும். பந்து கல்லில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று பந்துக்கே தெரியாது.

அணிக்குப் பன்னிரண்டு ஸ்டிக். அதில் மூன்று வெடித்து, சைக்கிள் ரியூப் சுற்றியவை. கோல் கீப்பருக்குக் காலில் கட்டப் பாட் கிடையாது. பக்கத்து ஆண்கள் கல்லூரியின் கிரிக்கெட் பாட்தான் இரவல். வெள்ளிக்கிழமை பின்னேரம் சைக்கிள் கரியரில் வந்து சேரும், திங்கட்கிழமை காலை திரும்பிப் போக வேண்டும். பன்னிரண்டு விளையாட்டுக்காரரின் வியர்வை மணம் அதில் இருக்கும். மலர் மூக்கைச் சுளிக்காமல் கட்டுவாள். அவளுக்கு அது முழங்காலுக்கு மேலே ஒரு சாண் நிற்கும். அதைக் கட்டிக்கொண்டு அவள் நடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவள் பந்துக்குப் பாய்வதைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

நான் ரைட் பக். அதாவது அவளுக்கு வலப்பக்கத்துக் காவல். எனக்குப் பின்னால் அவள் நிற்கிறாள் என்பதால்தான் நான் துணிந்து விளையாடினேன். என்னைத் தாண்டிப் போகும் பந்து அவளைத் தாண்டிப் போகாது.

பயிற்சி முடிந்தால் சந்தியில் இருந்த கூல் பாருக்குப் போவோம். அந்தக் காலத்தில் 'வெளியே சாப்பிடுவது' என்றால் எங்களுக்கு அதுதான். இரண்டு பேருக்கு ஒரு றோல்ஸ். மலர்தான் பிய்ப்பாள். பெரிய பாதி எப்போதும் என் கைக்கு வரும். ஒரு நாளாவது அளந்து பிய்த்திருப்பாளா? இல்லை. நானும் ஒரு நாளாவது மாற்றிக் கொடுத்திருப்பேனா? அதுவும் இல்லை.

உயர்தரம் படித்த வருடம் எங்கள் அணி மாத்தளைக்குப் போனது. பெற்றோர் இல்லாமல் நாங்கள் போன முதல் தூரப் பயணம். விடிய முதல் பஸ் ஏறி, வவுனியா வரை பாட்டு, தம்புள்ளை வரை நித்திரை. வாழையிலைச் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்தபோது எல்லாருடைய பார்சலிலும் ஒரே முட்டைப்பொரியல். மாத்தளையில் ஒரு பாடசாலை வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். மலைக்குளிர். எங்கள் பதினாறு பேரில் ஒருத்தியிடமும் கம்பளி இல்லை. மலரும் நானும் அவளுடைய அம்மாவின் பழைய சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு படுத்தோம்.

அங்கேதான் ஒரு செய்தி கிடைத்தது. தேசிய மாணவியர் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுப்பவர்கள் ஆட்டம் பார்க்க வருகிறார்களாம். எங்கள் பி.ரி. ரீச்சர் மலரைக் கூப்பிட்டு, உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன், கவனமாக விளையாடு என்றார். மலர் அதை என்னிடம் சொல்ல ஓடியே வந்தாள். அவள் வாழ்க்கையில் யாரும் அவளை எதற்கும் தெரிவு செய்ததில்லை. எட்டுப் பேர் உள்ள வீட்டில் ஆறாவது பிள்ளை.

அரையிறுதி. கடைசி நிமிடங்கள் வரை கோல் இல்லை. எதிரணிக்கு ஒரு பெனல்ரி கோர்ணர் கிடைத்தது. பந்து கோலுக்கு முன்னால் கீறியிருந்த வட்டத்தின் தலைப்புக்கு வந்தது. ஒரு உயரமான பிள்ளை ஓங்கி அடித்தாள். பந்து மலருடைய வலப்பக்கம் நோக்கி வந்தது. அவள் அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டாள். வழக்கம்போல் சரியாகக் கணித்துவிட்டாள்.

ஆனால் நடுவில் நான் நின்றேன்.

நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பதற்றத்தில் ஸ்டிக்கை நீட்டினேன். பந்து அதன் நுனியில் பட்டது... அவ்வளவுதான். திசை மாறி, வலப்பக்கம் பாய்ந்துகொண்டிருந்த மலரின் இரண்டு காலுக்கும் நடுவே ஓடி, கோலின் பின்பலகையில் மோதியது.

கோல் என்றால் தமிழில் தடி என்று பொருள். எனக்கு அன்று இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஓரத்தில் நின்றவர்களுக்கு ஸ்டிக்கில் பட்டது தெரியவில்லை. அவர்கள் கண்டதெல்லாம் கோல் கீப்பர் ஒரு பக்கம் போக, பந்து அவள் காலுக்குள்ளால் போனது. ரீச்சர் எல்லார் முன்னாலும் மலரைப் பேசினார். பச்சைப் பிள்ளை தடுக்கும் பந்து என்றார். முகாமுக்கு வேறொரு பாடசாலைப் பிள்ளையை எடுத்தார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, திரும்பி வந்த பஸ்ஸில் சொல்லவில்லை, அடுத்த வாரமும் சொல்லவில்லை. பிறகு உயர்தரச் சோதனை வந்தது, பிறகு நாட்டு நிலைமை வந்தது, ஆளுக்கொரு திசையாகப் போனோம். சொல்லியிருந்தால் எனக்கு என்ன நடந்திருக்கும்? ரீச்சர் என்னை ஐந்து நிமிடம் பேசியிருப்பார். வேறொன்றும் நடந்திருக்காது. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்து நாற்பத்திரண்டு வருடம் ஒளித்துத் திரிந்தேன்.

சரி, வாசலுக்கு வருவோம்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அபியை அழைத்தேன். வாசலில் வந்தவர்களின் படம் அழியாமல் இருக்குமா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். இருக்கும் என்றாள். அவளுக்கும் அந்தப் படம் போயிருந்தது. யார் அந்த அன்ரி, ஏன் நீங்கள் கதைக்கவில்லை என்று டெனிஷில் கேட்டாள். வேலையில் இருந்தேன், கவனிக்கவில்லை என்றேன்.

அபி சிரித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். முக்கியமான விஷயங்களை மட்டும் தமிழில் சொல்வது அவள் வழக்கம்.

"அம்மா, நீங்க படத்தைத் திறந்தா, அங்க மணியைச் சுத்தி நீல லைற் எரியும். அந்த அன்ரிக்குத் தெரிஞ்சிருக்கும், நீங்க பாத்துக்கொண்டு இருக்கிறீங்க எண்டு."

கதிரையில் இருந்துவிட்டேன்.

அவளைப் பார்த்தபடி நான் பேசாமல் இருந்தேன். அதை அவளும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கமராவை நேராக அவள் பார்த்த அந்தப் பார்வை... மணியைப் பார்த்த பார்வை இல்லை. என்னைப் பார்த்த பார்வை.

அன்று பின்னேரம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீட்டில் மாத்தளைக் கதை ஒரு பகிடிக் கதை. பிள்ளைகளுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். 'எங்கட கோல் கீப்பற்ற காலுக்குள்ளால பந்து போச்சு' என்று நடித்தும் காட்டியிருக்கிறேன். அவர் அந்தக் கதைக்கு எத்தனையோ முறை சிரித்த மனிதர். இப்போது சிரிக்காமல் முழுவதையும் கேட்டார்.

"இஞ்சேரும், நீர் போன் எடுத்துக் கதையும்," என்றார். "நான் வைலெ ஸ்ரேசன் மட்டும் காரில கொண்டுபோய் விடுறன். மிச்சத்துக்கு ரெயில் இருக்கு."

மறுநாள் யார் யாரிடமோ கேட்டு அவளுடைய இலக்கத்தைப் பெற்றேன். நான்தான் என்று சொன்னதும் அவள் ஆச்சரியப்படவில்லை. ஹேர்னிங்கில் ஒரு கலியாணத்துக்கு வந்தபோது வழியில் இறங்கிப் பார்த்ததாகச் சொன்னாள். நீல வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த சனிக்கிழமை கோப்பன்ஹேகனுக்கு வரமுடியுமா, வெளியில் சாப்பிடுவோம் என்றாள். வருகிறேன் என்றேன்.

ரெயிலில் எனக்குக் கிடைத்த இருக்கை அமைதிப் பெட்டியில். அங்கே பேசக்கூடாது, போன் அடிக்கக்கூடாது. நல்லதாகப் போயிற்று, யோசிக்கலாம் என்று நினைத்தேன். அவளிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டு போனேன். ஒடென்சே தாண்டியதும் எதிரே இருந்த ஒரு டெனிஷ் பெண் மெதுவாக என் கையைத் தொட்டு, சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினாள். உதட்டில் விரல் வைத்த படம். மனதுக்குள் பாடமாக்குவதாக நினைத்து நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். தமிழில் மன்னிப்புக் கேட்டால் கூட இந்த நாட்டில் சத்தம்தான். பெரிய பாலத்தில் ரெயில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல். திரும்பிப் போய்விடலாமா என்று அந்தப் பாலத்தில் வைத்துத்தான் யோசித்தேன். ஆனால் ரெயில் பாலத்தில் நிற்காதே.

மலர் சொன்ன சாப்பாட்டுக் கடை கால்வாய்க் கரையோரம் இருந்தது. எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றாள். அதே நிலை. கிட்டப் போனதும் முகத்தில் அந்தக் காலத்து மலர் தெரிந்தாள். நான் கட்டிப்பிடிப்பதா கைகொடுப்பதா என்று தடுமாற, அவள் கதவைத் திறந்து, உள்ளே வா, வெளியே காற்று என்றாள்.

மேசையில் மெனுக் கார்ட் இல்லை. ஒரு கறுப்புக் கட்டம் மட்டும் ஒட்டியிருந்தது. அதைப் போனால் படம் பிடித்தால் மெனு வருமாம். என் போனில் வரவே இல்லை. மலர் தன் போனை எடுத்து ஒரே தட்டில் திறந்தாள். மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவது அவளுடைய வேலை. எந்த நோயாளி எந்த மாடி என்பதெல்லாம் இப்போது போனில்தான் வருமாம். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறாய் என்று கேட்டேன். வீட்டில் இருந்து வேலைக்குப் போகும் தூரத்தை விட, வேலைக்குள் நடக்கும் தூரம் கூட என்றாள்.

பொரித்த மீனும் றாலும் வைத்த ரொட்டி வந்தது. இந்த நாட்டில் திறந்த ரொட்டியைக் கத்தியும் முள்ளும் கொண்டுதான் சாப்பிட வேண்டும். இரண்டு பேரும் ஒழுங்காக வெட்டிச் சாப்பிட்டோம். பிள்ளைகள், முழங்கால் வலி, யார் யார் எந்த நாட்டில் என்ற கதைகள். கூல் பாரைப் பற்றி அவளே எடுத்தாள். அந்தச் சந்தியில் இப்போது ஒரு வங்கி இருக்கிறதாம். போன வருடம் ஊருக்குப் போனபோது பார்த்தாளாம். றோல்ஸ் நினைவிருக்கிறதா என்று கேட்டாள்.

முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தேன். ரெயிலில் பாடமாக்கியது ஒன்றும் வரவில்லை.

"மலர், அந்தப் பந்து என்ர ஸ்டிக்கில பட்டது."

அவள் தொடர்ந்து மென்றாள். விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"தெரியும்," என்றாள். "எனக்கு ரெண்டு சத்தம் கேட்டது. அவள் அடிச்ச சத்தம் ஒண்டு. பிறகு கிட்டத்தில சின்னதா ஒண்டு. கோல் கீப்பருக்குக் காதுதானே பாதிக் கண்."

அப்போதே தெரியுமென்றால் ஏன் ரீச்சரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தன். பஸ்ஸிலயும் பாத்துக்கொண்டுதான் வந்தனான். நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சொல்லுறன் எண்டுதானே ரீச்சர் நினைச்சிருப்பா."

அவள் சத்தம் போடவில்லை. பக்கத்து மேசைக்காரருக்கு நாங்கள் சமையல் குறிப்புப் பேசுவதாகத்தான் தோன்றியிருக்கும். முகாமுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டது உண்மைதான் என்றாள். வீட்டில் அழுததாகவும், பிறகு அதை விட அழுவதற்கு எத்தனையோ வந்துவிட்டதாகவும் சொன்னாள். பள்ளிக்கூட வயதில் நான் பயந்து பேசாமல் இருந்ததைத் தன் மனதில் இருந்து எப்போதோ விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவள் தன் போனை எடுத்து, ஒரு படத்தை விரித்து, என் பக்கம் தள்ளினாள்.

அது இந்தப் பத்திரிகையில் வேலைக்கு இடையில் நான் எழுதும் பத்தி. நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் இதே இடத்தில், மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதியது. கல்லூரி நாட்களைப் பற்றிய ஒரு நகைச்சுவைக் கட்டுரை. அதில் கிரிக்கெட் பாட் கட்டிக்கொண்டு வாத்து நடை நடக்கும் ஒரு கோல் கீப்பர் வருவாள். 'அவளுடைய இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டியே போயிருக்கும், பந்து போனதில் என்ன அதிசயம்?' என்று ஒரு வரி. உங்களில் பலர் அந்த வரியைப் பாராட்டி எழுதினீர்கள். நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

பெயர் போடவில்லையே என்று முணுமுணுத்தேன். எனக்கே அது கேவலமாகக் கேட்டது.

"என்ர மகளுக்கு ஆரோ அனுப்பினவை," என்றாள் மலர். "சாப்பாட்டு மேசையில இருந்து சத்தமா வாசிச்சவள். மருமகனும் பேரப்பிள்ளையளும் சிரிச்சுச் சிரிச்சு... பிறகு அம்மா இது நீங்களா எண்டு கேட்டவள். நானும் சிரிச்சனான். வேற என்ன செய்யிறது?"

போனைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"அண்டைக்கு நீ பேசாமல் இருக்கேக்க உனக்குப் பதினேழு வயசு. இதை நீ அம்பத்தாறு வயசில எழுதியிருக்கிறாய்."

ஒரு உண்மையைச் சொல்லாமல் விடுவது ஒன்று. அதை மறைத்துப் பகிடியாக்கி, மெருகு போட்டு, கைதட்டு வாங்குவது வேறொன்று. உண்மை என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை வருடம் சொல்லிச் சொல்லி, அந்தக் கட்டுரையை எழுதும்போது அவள் காலுக்குள்ளால் பந்து போன காட்சி மட்டும்தான் எனக்குள் மிச்சமிருந்தது. என் ஸ்டிக் அந்தக் காட்சியில் இருந்து எப்போதோ வெளியே போய்விட்டது.

மன்னித்துக்கொள் என்றேன். அழுகை வந்தது. பரிமாறும் பெண் வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். மீன் நன்றாக இருக்கிறது என்று டெனிஷில் சொன்னேன். மலர் எனக்குத் துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தாள்.

"மன்னிப்பு எனக்கு வேண்டாம். அதுக்கு நான் வரேல்லை. அண்டைக்கு உன்ர வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடிக்க இல்லை," என்றாள். "நீதானே எழுதுறனி. திருத்தி எழுது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை. தட்டில் இருந்த மீனை முடித்தாள். நான் முடிக்கவில்லை. இவ்வளவு நல்ல மீனை விடக்கூடாது என்று சொல்லி என்னுடையதையும் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்து கால்வாய்க் கரையால் நடந்தோம். காற்று முகத்தில் அடித்தது. நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று நின்று, கைப்பையைக் கழற்றி என் கையில் தந்தாள். பாதையின் நடுவே போய், கால்களை அகற்றி, முழங்கால்களை மடித்தாள்.

"இஞ்ச பார்," என்றாள். "அவள் அடிக்கேக்க நான் இஞ்ச நிக்கிறன். பந்து இந்தப் பக்கம். நான் இப்பிடி வந்திட்டன்."

வலது காலை நீட்டி, உடம்பைச் சரித்து, ஒரு பாய்ச்சல். அறுபதை எட்டப்போகும் ஒரு பெண், கருநீலக் குளிர்ச்சட்டையோடு, கோப்பன்ஹேகன் கல்லுப் பாதையில். சைக்கிளில் வந்த ஒரு இளைஞன் விலகி ஓடி மணியடித்தான். அவள் கவனிக்கவில்லை. நீட்டிய காலை அப்படியே வைத்துக்கொண்டு, சப்பாத்தின் உட்பக்கத்தைக் காட்டினாள்.

"இதில பட்டு வெளியால போயிருக்கும்."

போயிருக்கும். நான் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். சந்தேகமே இல்லாமல் போயிருக்கும்.

ரெயில் நிலையத்தில் விடைபெறும்போது அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு என்று மட்டும் சொன்னாள். எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டதா? தெரியாது. சரியாகிவிட்டது என்று இங்கே எழுதினால் உங்களுக்கு இனிப்பாக இருக்கும். ஆனால் அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி எழுதிய பழக்கத்தை நான் இப்போதுதான் விட முயல்கிறேன். இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மீனைப் பற்றிய பகுதியில் சிரித்தாள். வவுனியா வரை பாட்டு என்பதைத் திருத்தினாள். இன்னும் தள்ளி, மதவாச்சி வரை பாடினோமாம்.

அபிக்கும் உண்மையைச் சொன்னேன். அவள் சிறு வயது முதல் அந்தப் பகிடியைக் கேட்டு வளர்ந்தவள். அப்படியென்றால் இவ்வளவு காலமும் அது நீங்கள்தானா என்று டெனிஷில் கேட்டாள். ஓம் என்றேன். சரி என்றாள். அந்தச் சரியில் கொஞ்சம் வெப்பம் குறைந்திருந்தது. பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே, மூன்று வருடத்துக்கு முன் என் மாட்டுவண்டி வரிக்குச் சிரித்த அத்தனை பேருக்கும் இந்தத் திருத்தம்:

மாத்தளை அரையிறுதியில் எங்கள் கோல் கீப்பர் மலர்விழி சரியான பக்கம், சரியான நேரத்தில் பாய்ந்தாள். பந்து அவளிடம் போய்ச் சேருமுன் ரைட் பக்கின் ஸ்டிக்கில் பட்டுத் திசை மாறியது. ரைட் பக் நான்.

இத்தனை வருடம் கழித்து ஸ்கோரை மாற்ற முடியாது. ஆனால் கோலுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரை மாற்றலாம்.